பாதி வரை போன தடம்

பனிச்சறுக்குக்குக் கிளம்பும்போது எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் தவறவிடாத சோதனை ஒன்று உண்டு. ஒருவர் மார்பில் கட்டிய கருவி சிக்னல் அனுப்பும், மற்றவருடையது அதைப் பிடிக்க வேண்டும். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

அன்று காலை கார்கள் நிற்கும் இடத்தில் தம்பி குர்தின் என்னை நோக்கி நடந்து வந்தான். எத்தனை சிக்னல் என்று காட்டும் என் கருவியின் திரையில் '2'.

"ஏண்டா, நீ ஒருத்தன்தானே வர்றே?"

"ரெண்டு ஆள் ரொட்டியத் தின்னுட்டு வந்தேன்ல, அதான்" என்று சிரித்தான்.

எண் ஒன்றாக மாறியது. நானும் சிரித்துவிட்டேன்.

மேலே, பெரிய சரிவின் விளிம்பில், பனி தாங்குமா என்று குழி தோண்டிப் பார்த்தேன். அடிப்பனி சர்க்கரையாக உதிர்ந்தது. அதன்மேல் இறுகிய பாளம். மண்வாரியை வைத்துத் தட்டினேன். பன்னிரண்டாவது தட்டில் பாளம் வழுக்கி என் மடியில் விழுந்தது.

"திரும்பிடலாம்டா."

"இப்படியே தோண்டிட்டு இரு லதீனாக்கா, கல்லறையில வேலை போட்டுக் குடுப்பாங்க. அங்க பாரு!"

சரிவின் குறுக்கே ஒற்றைச் சறுக்குத் தடம். புத்தம் புதிது.

"அவனத் தாங்கின பனி என்னத் தாங்காதா?"

தடத்தின் மேலேயே போய்விட்டான். அப்போதுதான் கவனித்தேன். தடம் நடுச்சரிவு வரை போயிருந்தது.

அங்கேயே முடிந்திருந்தது.

"குர்தின்!"

மலை 'உம்ம்' என்று ஒருமுறை முனகியது. சரிவு முழுவதும் கண்ணாடியாக விரிசல் விட்டுக் கீழே பாய்ந்தது.

பிறகு சத்தமே இல்லை.

பதினைந்து நிமிடம். அதற்குமேல் பனிக்குள் மூச்சு தாங்காது. கருவியைத் தேடலுக்கு மாற்றினேன்.

திரையில் '2'.

ஒன்று முப்பது மீட்டரில். மற்றது ஒன்பதில். அருகில் இருந்ததை நோக்கி ஓடினேன்.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

மூச்சு வாங்க நின்றேன்.

எட்டு. ஏழு.

புதைந்தவர் நகர மாட்டார்.

அதற்கு முதுகைக் காட்டி, முப்பதை நோக்கி ஓடினேன். பின்னால் பனி நறநறவென்று நெரிந்தது. திரும்பவில்லை. பனியைத் துழாவும் நீளக் கம்பியைக் குத்தினேன். ஒரு மீட்டர் ஆழத்தில் மெத்தென்று இடித்தது. வெறி பிடித்தவள் போல் வாரித் தள்ளினேன்.

நீலம் பாரித்த முகம். மூச்சு இருந்தது.

குர்தின் கண்களைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேல் பார்த்தான்.

"அக்கா... பின்னால நிக்கிறது யாரு?"

உதவிக்கு அழைத்த ஹெலிகாப்டர் வரும்வரை அவன் முகத்தைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

எங்களை ஏற்றிக்கொண்டு அது மேலெழுந்தபோதுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்துச் சரிவு இன்னும் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. அதன் குறுக்கே புதிதாக ஒற்றைத் தடம்.

நடுச்சரிவு வரை.

விளிம்பில் இரண்டு பேர் நின்று, ஊன்றுகோலால் அதைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதல் ஆள் அந்தத் தடத்தில் கால் வைத்தான்.