பிறக்குமுன் கட்டிய தூளி

தேயிலை விலை தரைக்கு வந்து எஸ்டேட்டைப் பூட்டிய வருடம், வனிதாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவந்து புள்ளக்காம்பராவில் இறக்கினார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற நீளமான கூடம் அது. இப்போது பறிக்கவும் ஆளில்லை, விட்டுவிட்டுப் போகக் குழந்தையும் இல்லை. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடு மழைக்கு ஒழுகியது, அங்கே ஜீப்பும் ஏறாது. இங்கே வாசல்வரை வண்டி வரும். அது போதும் என்று புருஷன் ரவிக்குமார் முடிவு செய்துவிட்டான்.

முதல் இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. நஞ்சுக்கொடி கீழிறங்கிக் குழந்தை வரும் வழியை அடைத்திருக்கிறது, படுக்கையைவிட்டு எழக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வண்டியேற்றிவிடுங்கள் என்று ஊட்டி டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வனிதா மூச்சுவிடக்கூடப் பயந்து படுத்திருந்தாள். உள்ளே குழந்தை உதைக்கும்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

கூடம் முழுக்கப் பால் புளித்த வாடை. எத்தனை கழுவியும் போகவில்லை. மேலே விட்டத்தில் தூளி கட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. அண்ணாந்து அவற்றையே பார்த்துக்கிடந்தவளுக்கு ஒருநாள் ஆசை பொங்கிவிட்டது. கண்ணெதிரே ஒரு தூளி தொங்கினால் பிள்ளை வந்தே தீரும் என்று தோன்றியது. ரவியிடம் கெஞ்சித் தன் கல்யாணச் சேலையைக் கட்டவைத்தாள். பிறக்குமுன் தூளி கட்டக்கூடாது என்பது அவனுக்கும் தெரியாது, கட்டிவிட்டான்.

விறகோடு வந்த மாமியார் அன்னக்கிளி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அடி பாவி! புள்ள பொறக்குமுன்ன யாராச்சும் ஏணை கட்டுவாங்களா? வெறும் ஏணையக் கண்டா வேற ஏதாச்சும் வந்து படுத்துக்கும்டி.”

“அவுக்காதீங்க மாமி. கட்டினத அவுத்தா எனக்கு நம்பிக்கையே போயிரும்.”

வனிதாவின் கண்ணீரைப் பார்த்த அன்னக்கிளி தூளியைத் தொடாமல் விறகை அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் மத்தியானம். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து கட்டிலுக்கடியில் பரவிக்கொண்டிருந்தது. அன்னக்கிளி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். காற்றே இல்லை.

கொக்கி கிரீச்சென்றது.

தூளி ஆடியது.

வெறும் துணியாக ஆடவில்லை. அடி கனத்து, தாழத் தொங்கி, நிதானமாக ஆடியது. உள்ளே ஏதோ புரண்டு படுத்தது. அந்த நேரம் பார்த்து வனிதாவின் வயிறு அடங்கிப்போயிற்று. தட்டிப் பார்த்தாள், திரும்பிப் படுத்துப் பார்த்தாள், அசைவே இல்லை. தூளி லேசாகி நின்ற பிறகுதான் உள்ளே உதை விழுந்தது.

அதன்பின் தினமும் அதே கதைதான். அங்கே கனத்தால் இங்கே அடங்கும். அடங்கிக் கிடக்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது. பயம் தாங்காமல் மாமியிடம் சொல்லிவிட்டாள்.

அன்னக்கிளி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இங்க ஒரு பச்சப்புள்ள ஏணையிலயே செத்துப்போச்சு. பால் குடுத்துட்டு வாறேன்னு தாய்க்காரி கத்தியிருக்கா. கங்காணி மலைய விட்டு எறங்க விடல. அதுக்கு இன்னும் பசி அடங்கல போலருக்கு.”

ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சை இழுத்தாள். அது இம்மிகூட இளகவில்லை. அரிவாள் எடுத்துவர வெளியே ஓடினாள்.

கொக்கி கிரீச்சென்றது.

வனிதாவின் வயிறு அடங்கியது. தொடைக்கு நடுவே சூடாக எதுவோ இறங்கியது.

ரத்தம்.

“மாமீ!” என்று அலறினாள். பிறகு தூளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. யாராச்சும் ஒருத்தராவது உசுரோட எங்கிட்ட வாங்க. யாரா இருந்தாலும் பால் குடுக்கிறேன்.”

வயிற்றுக்குள் பலமாக ஓர் உதை விழுந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தூளி அப்போதும் கனத்தேதான் தொங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

ஊட்டியில் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். அவளும் பிழைத்தாள். மார்பில் போட்டதும் குழந்தை மூச்சு வாங்காமல் குடித்தது. “குறைமாசப் பிள்ளை இப்படிக் குடிச்சு நான் பாத்ததே இல்லைங்க” என்று நர்ஸ் ஜெஸிந்தா ஆச்சரியப்பட்டாள். ரவிக்குமார் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தான்.

அவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை எடுக்கப் புள்ளக்காம்பராவுக்குத் திரும்பினார்கள். தூளியை அன்னக்கிளி எப்போதோ அறுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். கொக்கி மொட்டையாக இருந்தது. அவர்கள் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்க, வனிதா கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மொட்டைக் கொக்கி கிரீச்சென்றது.

கொக்கிக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, பிறந்த குழந்தை முதல்முதலாக அழுகிற அழுகை கேட்டது.

அவளுடைய மறு மார்பில் பால் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்தது. அழுவது யார் என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு வெடிக்க, “சாமி, அம்மா வாறேன்” என்று எழப் பார்த்தாள்.

மடியில் இருந்தது அவளை எழ விடவில்லை.