செர்வாவின் குரல்

"மா" என்று பின்னாலிருந்து மகள் பிராகோ கூப்பிட்டாள். இஞ்சியும் மிளகாயும் போட்டு வறுத்த வாழைப்பழத் துண்டுகளைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்த செர்வா, திரும்பிப் பார்க்காமலே, "என்னம்மா?" என்றாள். அப்புறம்தான் கவனித்தாள். பிராகோ அவளுக்கு எதிரில், பாயின் மேல், இரண்டு கன்னமும் புடைக்க மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் மூங்கில்கள்தான் இருந்தன. காற்றே இல்லாதபோதும் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருந்தன.

"யாருக்கு அண்ணி பதில் சொன்னீங்க?" என்றாள் கொனாடு. செர்வாவின் கணவன் போவாடிக்குத் தங்கை.

"பிராகோ கூப்பிட்டாளே."

"வாய்க்குள்ள ஒரு தோட்டத்தையே அடைச்சு வெச்சிருக்கா. எங்க கூப்பிட்டா?" கொனாடு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மரத்துக்கு நடுவுல யாராவது கூப்பிட்டா மொகத்தப் பார்த்துட்டுதான் பதில் சொல்லணும். உங்க வீட்டுல சொல்லித்தரலையா?"

"இது என்ன காடா?" என்றான் போவாடி. பாயில் மல்லாந்து படுத்து, தொப்பியால் முகத்தை மூடியிருந்தான். "டிக்கெட் வாங்கிட்டு வந்த தோட்டம். ஒவ்வொரு மரத்துலயும் பேர்ப்பலகை அடிச்சு வெச்சிருக்கான். பேயிருந்தா அதுக்கும் ஒண்ணு அடிச்சிருப்பான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். செர்வாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடைவெளியில், மூங்கிலுக்குள்ளிருந்து, யாரோ ஒரு பெண் தாழ்ந்த குரலில், பொருள் தெரியாத ஒரு சொல்லை நாக்கில் உருட்டிப் பார்ப்பதுபோல, "என்னம்மா?" என்றாள்.

செர்வாவின் குரல்.

மற்ற மூவருக்கும் அது கேட்டதாகவே தெரியவில்லை.

போவாடி மேற்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன். பல மாதம் கழித்து, தலைநகர் அக்ராவில் இருக்கும் வீட்டுக்கு வந்திருந்தான். மகளுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இந்த மலைத்தோட்டத்துக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் இல்லாத நாட்களில் வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் செர்வாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைச் சொல்லி அவன் கேலி செய்வான். இன்றைக்கும் அந்தக் கேலிக்கு இடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை. சோற்றைப் பரிமாறினாள்.

ஆகஸ்ட் மாதத்துப் பகல் அது, வெயில் இல்லாத பகல். அடிவாரத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, வாசலில் வரிசையாக நின்ற பனைமரங்களின் கொண்டைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. நனைந்த மண், அழுகிய பழம், யாரோ இலையைக் கசக்கிவிட்டுப் போனதுபோல் இலவங்க வாசனை. எல்லாம் கலந்து தொண்டையில் படிந்தது. தூரத்தில் கல்யாணப் போட்டோ எடுக்க வந்த கூட்டத்தின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்து, எப்போது நின்றதென்று தெரியாமல் நின்றிருந்தது.

"மெதுவா சாப்பிடு கண்ணு, விக்கிக்கும்" என்றாள் செர்வா.

கொஞ்ச நேரம் கழித்து, இந்த முறை இடதுபக்கத்து ஜாதிக்காய் மரங்களிடையே: "மெதுவா... சாப்பிடு... கண்ணு."

அவள் கையிலிருந்த செம்பருத்திச் சாறு பாயில் சிந்தியது.

"கேட்டுச்சா?"

"எது?" என்றான் போவாடி.

"என் குரல்."

"உன் குரலத்தானே காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். மலையில்லையா, எதிரொலிக்கும்."

எதிரொலி இவ்வளவு நேரம் காத்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். தான் பேசப் பேசத்தான் அது பேசுகிறது என்று தோன்றியது. பிறகு அவள் எதுவும் பேசவில்லை. பிராகோ சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டபோதுகூடக் கையால்தான் துடைத்துவிட்டாள்.

"என்ன அண்ணி, வாய்க்குப் பூட்டு போட்டாச்சா?" என்றாள் கொனாடு. "எங்கண்ணன் காதுக்கு இன்னைக்குதான் லீவு."

பனி பாய்க்கு வந்துவிட்டது. புல்லின் நுனியில் நீர் கோத்து, துணி ஈரமாகி, எதிரிலிருப்பவர் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு உலகம் சுருங்கியதும், கிளம்பலாம் என்றான் போவாடி. பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். பிராகோவுக்கு ஒன்றுக்கு வந்தது. கொனாடு அவளைக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போனாள். இருவரின் செருப்புச் சத்தமும் சரளைப் பாதையில் தேய்ந்து போயிற்று.

செர்வா தனியாகப் பாயை உதறினாள். உதறிய சத்தம் எங்கும் போகாமல் அங்கேயே விழுந்தது.

அப்போது அவள் குரல் தூரத்தில் கேட்டது. திக்கவில்லை. தேடவில்லை. தெளிவாக, கனிவாக, நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

"பிராகோ! இங்க வா கண்ணு. அம்மா இங்க இருக்கேன்."

காலையில் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஓடிய பிள்ளையை அவள் கூப்பிட்ட அதே சொற்கள். பாய் கையிலிருந்து விழுந்தது.

அவள் கழிவறைக்கு ஓடியபோது கொனாடு மட்டும் வெளியே நின்று ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். செர்வாவைப் பார்த்ததும் அவள் முகம் குழம்பியது.

"பிராகோ எங்க?"

"உங்ககிட்டதானே வந்தா. நீங்கதானே கூப்பிட்டீங்க?" கொனாடுவின் கை பாதையின் எதிர்த்திசையைக் காட்டி நீண்டு, அப்படியே நின்றது. "அந்தப் பக்கத்துலேருந்து... அண்ணி, நீங்க எப்படி இந்தப் பக்கத்துலேருந்து வரீங்க?"

"போய் உங்கண்ணன கூட்டிட்டு வா. ஓடு."

செர்வா பனிக்குள் இறங்கினாள். பாதை முடிந்தது. புல் முடிந்தது. காலடியில் வேர்களும் சருகும் வந்தன. "பிராகோ!" என்று அலறினாள். "பிராகோ, நில்லு! அங்க போகாத!"

பதில் வந்தது. தொலைவில், குழந்தையின் நிஜக் குரல்.

"மா? எங்க இருக்க?"

"இங்க! இங்க இருக்கேன்! அது நான் இல்ல!"

இலைகளிலிருந்து நீர் சொட்டியது. பிறகு வலப்பக்கம், பதறாமல், செர்வாவே தூங்கவைக்கும்போது பேசுகிற அடங்கிய குரலில்: "இங்க இருக்கேன். அது நான் இல்ல."

குழந்தை அழத் தொடங்கியது.

செர்வா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொடுக்கிற ஒவ்வொரு சொல்லையும் அது வாங்கிக்கொள்கிறது. பேசினால் அதற்குச் சொல் கிடைக்கும். பேசாவிட்டால் பிராகோவின் காதில் அது மட்டும்தான் இருக்கும். அதுவும் அதன் குரலில் பயமே இல்லை. தன் குரலில் பயம் மட்டும்தான் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை எதனிடம் ஓடும்?

"பிராகோ!" மறுபடியும் கத்தினாள். தொண்டை கிழிந்தது. "அப்பா வராரு! கத்திக்கிட்டே இரு! நான் வந்துடறேன்!"

"நான் வந்துடறேன்" என்றது அது. நெருக்கத்தில்.

அழுகை நின்றது. சிறிய கால்கள் ஓடும் சத்தம். அவளிடமிருந்து விலகி.

ஓடினாள். ஒரு கிளை தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டது. வேர் தடுக்கி விழுந்து முகமெல்லாம் சேறானது. எழுந்தாள். செருப்பு இல்லை. பின்னால் எங்கோ போவாடியின் குரல், மகள் பெயரை உடைத்து உடைத்துக் கத்தியது. அதற்கும் இங்கே யாரோ காது கொடுப்பதுபோல் மரங்கள் அசையாமல் நின்றன.

பிறகு அந்த அத்திமரம்.

எப்போதோ இன்னொரு மரத்தைச் சுற்றி வளர்ந்து, அதை இறுக்கிக் கொன்று, கொல்லப்பட்டது உள்ளே மக்கிப்போன பிறகும் நிற்கிற மரம். பின்னிய வேர்களால் ஆன சுவர். உள்ளே வெற்றிடம். கிணற்றைக் கவிழ்த்து வைத்தது மாதிரி, மேலே போய்க்கொண்டே இருக்கும் இருட்டு. வேர்களுக்கு நடுவே ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய சந்து.

உள்ளே பிராகோ நின்றிருந்தாள்.

முழுதாக. உயிரோடு. கன்னத்தில் கண்ணீர்.

செர்வா சந்துக்குள் கையை நீட்டினாள். "பிராகோ" என்றாள். கரகரவென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. அவளுடைய குரலே இல்லை அது. கத்திக் கத்தி இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டிருந்தாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். அவிழ்ந்த தலை. சேறு பூசிய முகம். வேரிடுக்கில் நீண்டு துழாவும் கை. அவள் கண்கள் விரிந்தன. ஓரடி பின்வாங்கினாள். இன்னோரடி.

"மா" என்றாள், தலையை அண்ணாந்து, மேலே இருட்டைப் பார்த்து. "மா, அங்க ஒண்ணு நிக்குது."

"பாக்காத தங்கம்" என்றது மேலிருந்து செர்வாவின் குரல். "கண்ண மூடிக்கோ."

இன்று முழுவதும் செர்வா அந்தச் சொற்களைச் சொல்லவேயில்லை.

பிராகோ கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் தளர்ந்தன. செர்வா வேர்களுக்கிடையே தோளைத் திணித்தாள். தோல் உரிந்தது. எலும்பு இடித்தது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

மேலிருந்து ஒரு கை இறங்கியது. நீளமாக. முழங்கை வரவேண்டிய இடம் தாண்டியும் இறங்கிக்கொண்டே வந்தது. குழந்தையின் முதுகை அடைந்து, தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. உள்ளங்கையால் அல்ல. புறங்கையால். தட்டுவதைக் காதால் மட்டுமே கேட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று தட்டுவதுபோல.

தட். தட். தட்.

பிராகோ கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கால்கள் மெல்ல, சருகைக்கூடக் கலைக்காமல், தரையை விட்டு எழும்பின.

செர்வாவின் விரல்நுனி அந்தக் குதிகாலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு எட்டவில்லை. பிறகு தெரியவில்லை.

தட்டும் சத்தம் மட்டும் மேலே, மேலே, போய்க்கொண்டே இருந்தது.