சாயங்காலப் பெரட்டு

நேற்று அந்தப் புத்தகத்தின் படத்தில் கூலிகள் பருத்தி மூட்டையைத் தோளில் சுமந்து நின்றார்கள். இன்று அதே பக்கத்தில் அவர்கள் முதுகில் கொழுந்துக் கூடை இருந்தது. சரோஜா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். விடியலிலிருந்து கொழுந்து பறித்த கண், எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கும்?

"என்ன புள்ள, நிறுத்திட்ட?" என்றான் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் கருப்பையா.

பிரிஞ்சாங் டவுனில் ஜப்பார் கடைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து வாங்கிய அமெரிக்கப் பேய்க்கதைப் படப் புத்தகங்கள் அவை. ஒரே கதையின் பல பாகங்கள். இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்து அவள்தான் கதை கட்டிச் சொல்வாள். வெள்ளைத் தூண் வைத்த துரை பங்களா, சடைசடையாகப் பாசி தொங்கும் மரங்கள், பருத்திக் காட்டிலேயே செத்துப்போன கூலிகள். சாயங்காலமானால் தொப்பிக்காரன் ஒருவன் பேர் கூப்பிடுவான். செத்தவர்கள் எழுந்து வரிசையில் நிற்பார்கள்.

"செத்தும் வேலையா?" கருப்பையா சிரிக்கப் பார்த்து இருமினான். "நம்ம எஸ்டேட் மாதிரிதான் லா."

அவளுக்கு அலுப்புதான் வந்தது. அவன் நெஞ்சுச் சளியில் படுத்ததிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் பேரைக் கூப்பிட்டால் அவள்தான் பதில் சொல்கிறாள். அவன் வேலையையும் சேர்த்துச் செய்கிறாள். பேரை வெட்டிவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போய்விடும். கணக்கெழுதும் கிராணியும் கண்டும் காணாமல் விட்டிருந்தார். இவன் பிழைத்து எழுந்தால் போதும், வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, ஈரமண்ணும் வாட்டிய தேயிலையும் கலந்த வாடையோடு கதவிடுக்கில் நுழைந்து அடுப்புப் புகையைக் கீழே அழுத்த, பக்கத்து வீட்டு ரேடியோவும் ரோட்டு லாரிகளின் உறுமலும் ஒவ்வொன்றாக அடங்கின. அவளுக்குக் கண் சொருகியது.

வெளியே காலடிகள். நிறைய. வெறுங்கால்கள்.

"கந்தசாமி!"

"இருக்கேன்யா."

"மணியம்மா!"

"இருக்கேன்."

சாயங்காலத்தில் ஏது பெரட்டு?

"கருப்பையா!"

"இருக்காருங்கய்யா!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகுதான் குரல் உறைத்தது. இருளப்பக் கங்காணி. போன மழையில் மண்சரிவில் புதைந்து போனவர். கந்தசாமியும் மணியம்மாவும் அவரோடு போனவர்கள்.

"ஐயோ, இல்லைங்கய்யா! அவரு வரமாட்டாரு!"

கட்டில் கிறீச்சிட்டது. கருப்பையா எழுந்தான். மாதக்கணக்காக எழாதவன்.

"போவாதீங்க மாமா! நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்!"

கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. நழுவியது.

கதவு திறந்தது. பனிக்குள் வரிசை. குனிந்த தலைகள். முடியிலிருந்து சொட்டும் சேறு.

நடுவில் இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். கருப்பையா அதில் போய் நின்று, தலை குனிந்துகொண்டான்.