காய்ச்சல் அறைக் கதவு

உடைக்கப்பட்ட பயணிகள் கப்பலின் சாமான்கள் ஏலத்துக்கு வந்த அன்று காலை, கிடங்கின் ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தது அந்த அம்மாள்தான். எழுபதை நெருங்கும் வயது. கப்பல் மணியையோ, சாப்பாட்டு அறையின் கண்ணாடி விளக்குகளையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிலைச்சட்டத்தோடு சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த ஒரு கதவின் முன்னால் போய் நின்றுவிட்டார். காய்ச்சல் கண்ட பயணிகளை அடைத்து வைத்த அறையின் கதவு அது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.

ஏலக்காரருக்கு ஆளைப் பார்த்தவுடனேயே நாடி பிடிக்கத் தெரியும். பக்கத்தில் போய்த் தேனொழுக விசாரித்தார். அந்த அம்மாளும் பாவம், நல்ல மனிதர் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆறு வயதில் அந்தக் கப்பலில் வந்தவராம். அக்காவுக்குக் காய்ச்சல். நர்ஸ் தாழ் போட மறந்து போயிருந்த நேரத்தில், அக்கா தண்ணீர் கேட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறாள். தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த தங்கை தாழைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். விடியும்வரை தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"இன்னிக்கும் எந்தக் கதவைச் சாத்தினாலும் அவ தட்டிக்கிட்டே இருக்கா. எங்க வீட்ல ஒரு கதவும் மூடறதில்லங்க. இதை வாங்கி, என் கையாலே திறந்து, எரிச்சிடணும். அப்பவாவது நான் தூங்கணும்."

ஏலக்காரர் உச்சுக் கொட்டினார். மனசுக்குள் விலையை மளமளவென்று ஏற்றிக்கொண்டார்.

அவரிடம் ஒரு வித்தை உண்டு. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பார். ஒரு சாமானை ஒருவர் மட்டும் கேட்டால், அந்தப் பக்கம் கையைக் காட்டி, தூண் பக்கத்து ஐயா ஏற்றிவிட்டார் என்பார். முன்னால் இருப்பவர்களுக்கு அங்கே யார் என்று தெரியாது. மாட்டிக்கொண்டவர் இன்னும் ஏறுவார். ஏறாவிட்டாலும் மோசமில்லை. ஐயா பின்வாங்கிவிட்டார் என்று சொல்லி, முந்தைய ஆளின் தலையிலேயே கட்டிவிடலாம். இருபது வருஷமாக இந்தக் குட்டு வெளிப்பட்டதில்லை.

அன்று அந்தக் கதவை வேறு யாரும் கேட்கவில்லை. முதல் கேள்வியிலேயே தள்ளிவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. அம்மாள் கேட்டார், தூண் ஏற்றியது. அம்மாள் கேட்டார், தூண் ஏற்றியது. கொண்டுவந்த பணம் தீர்ந்து அம்மாள் வளையல்களைக் கழற்றினார். ஏலக்காரர் அதற்கு மேலும் ஒருமுறை தூணைக் காட்டினார்.

"என்னால இதுக்கு மேல முடியாதுங்க," என்று அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

ஏலக்காரர் சிரித்த முகத்தோடு, ஐயா பின்வாங்கிவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தார்.

தூணுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

மரத்தில் விரல் முட்டி படும் சத்தம். மூன்று முறை. கூடவே மருந்தும் வாந்தியும் கலந்த ஒரு நாற்றம் வந்தது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்," என்றது அவர் வாய். அவர் சொல்லவில்லை.

பெயர் எழுதிக்கொள்ள, கணக்குப் பார்க்கும் அவருடைய மச்சினன் நோட்டோடு பின்வரிசைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அங்க யாருமில்ல அத்தான். ஆனா நாற்காலி கொதிக்குது," என்று காதோடு சொன்னான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தது. மச்சினனும் நழுவிவிட்டான். அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றார் ஏலக்காரர். தொல்லை விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அம்மாள் தாழை இழுத்துத் திறந்தார். பின்னால் வெறும் சுவர். கதவின் உள்பக்கத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, நகக் கீறல்கள். அதைத் தடவியபடி அவர் விசும்புவதைக் கேட்டுக்கொண்டே ஏலக்காரர் சீட்டுகளை அடுக்கினார்.

கதவு சாத்தும் சத்தம். தாழ் விழும் சத்தம்.

நிமிர்ந்தார். அம்மாளைக் காணவில்லை.

"ஐயா, திறங்க. இருட்டா இருக்கு."

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு பிள்ளை நிற்கக்கூட இடமில்லாத இடம் அது.

ஓடிப்போய்த் திறந்தார். சுவர். சாத்தினார்.

"திறங்க ஐயா. அவ என் கையை விட மாட்டேங்கறா."

திறந்தார். சுவர். சத்தமே இல்லை. சாத்தித் தாழ் போட்டால் தட்டுகிறார்கள். பெரிய கை ஒன்று, கீழே சின்னக் கை ஒன்று. திறந்தால் யாருமே இல்லை. எட்டுப் பத்துத் தடவை அப்படிச் செய்து பார்த்தவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது. திறந்தே வைத்திருந்தால் அவர் காதில் எதுவும் விழாது. அது போதும் என்று பட்டது. கதவை அகலத் திறந்து, ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

நாலு மணிக்கு அம்மாளின் மகன் வந்தான். கதவை ஏற்றிப்போக வண்டியோடு வரச் சொல்லியிருந்தாராம். அம்மா எங்கே என்று கேட்டான்.

"பாதியிலேயே எழுந்து போயிட்டாங்க தம்பி," என்றார் ஏலக்காரர். குரல் பிசிறவே இல்லை.

தலையாட்டிவிட்டுத் திரும்பியவன் முக்காலியில் இடித்துக்கொண்டான். அது உருண்டது. கதவு தானாக வந்து மூட, தாழ் விழுந்தது.

"கண்ணா," என்றது உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல். "வந்துட்டியா?"

அவன் பாய்ந்து திறந்தான். சுவரைப் பார்த்தான். கையால் அறைந்தான். அம்மா, அம்மா என்று கூப்பிட்டான். பதில் இல்லை. ஏலக்காரரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, அம்மாவின் குரலை இன்னொரு முறை கேட்பதற்காக, கதவை மெல்லச் சாத்தித் தன் கையாலேயே தாழ் போட்டான்.