ரோசிக்குத் தெரிந்த சொல்

செவ்வாய்க்கிழமை, காலை 6.52.

காலைப் பூசை முடிந்து வந்த ஜெனிற்றா பூட்டைத் திறந்து கேற்றைத் தள்ளினாள். அது அரை அடிக்கு மேல் நகரவில்லை. உள்ளே ஏதோ கனமாகக் கிடந்து மறித்தது. குனிந்து பார்த்தாள். செம்மண் நிறத்தில் ஒரு நாயின் பின்னங்கால் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் முறிந்து, கம்பி வைத்துப் பொருத்திய கால்.

"ரோசி!"

கால் அசையவில்லை.

மதிலேறிக் குதித்துத் தொட்டுப் பார்த்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. வாயில் நுரை. கண்கள் மூடவில்லை. கேற்றுக்குக் கீழே இருந்த இடுக்கருகில் பொரித்த மீனின் நடுமுள் ஒன்று கிடந்தது. ஜெனிற்றா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடிந்தால் புதன்கிழமை. ரோசி புது வீட்டுக்குப் போகவிருந்த நாள்.

ஜெனிற்றாவுக்கு முப்பத்தெட்டு வயது. மன்னார் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். கணவர் கட்டாரில். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை எடுத்துச் சுகப்படுத்தி, மனிதரோடு இருக்கப் பழக்கி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பாள். ரோசி பதினோராவது. முந்தைய பத்தும் எங்கோ யாருடைய முற்றத்திலோ உயிரோடு இருந்தன.

7.25.

நாய்க்காகப் பொலிஸ் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பொலிஸ் நாய்க்காக வரவுமில்லை. பக்கத்து வீட்டு அபூசாலியின் படலைக்கு முன்னால் இருபது பேர் கூடிவிட்டார்கள், கல் விழுந்தாலும் விழும் என்று யாரோ அறிவித்ததால் சார்ஜன் கதிர்காமு வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

கூட்டத்தின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் ரோசி அவிழ்த்துக்கொண்டு ஓடி அபூசாலியின் ஆட்டுக்குட்டியைத் துரத்திக் காயப்படுத்தியது. இனி வந்தால் நாய்க்கு நஞ்சு மருந்து வைப்பேன் என்று அவர் தெருவே கேட்கக் கத்தியிருந்தார்.

"சொன்னனீங்களோ?" என்று கதிர்காமு அபூசாலியிடம் கேட்டார்.

"சொன்னனான் சேர். கோவத்தில சொன்னனான். பின்னேரமே இந்தத் தங்கச்சி வந்து குட்டிக்கு மருந்து கட்டிவிட்டது. அதோட முடிஞ்சுது."

"காலமை எங்க?"

"சுபஹு தொழுதிட்டு வந்து ஆடு கறந்துகொண்டிருந்தன்."

"ஆரையும் கண்டீங்களோ?"

"மதில் மறைக்குது சேர். ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஆறரைக்கு முதல். ஒழுங்கையில ஆரோ 'ரேசன், ரேசன்' எண்டு ரெண்டு தரம் சொன்னது. சங்கக் கடையில ஏதும் குடுக்கிறாங்களோ எண்டு நினைச்சன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இந்தக் காலத்தில ரேசனோ? நல்லாக் கதை விடுறார்!" என்றான் ஒருவன்.

ஜெனிற்றா சிரிக்கவில்லை.

"சேர்," என்றாள். "அபூசாலி நானா இதைச் செய்யேல்லை. உள்ளுக்கு வாங்கோ, காட்டுறன்."

8.05.

மிருக வைத்தியர் நிஸ்லா ரோசியின் வாயைத் துடைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வயலுக்குப் போடுற குருணை மருந்து. மீனுக்குள்ள வைச்சிருக்கு. திண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இராது."

ஜெனிற்றா சார்ஜனை அபூசாலியின் மதிலோரம் கூட்டிப்போனாள். அங்கே இன்னொரு மீன் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் கொத்தியிருந்தது. பக்கத்தில் செத்த காகம்.

"முதல்ல எறிஞ்சது இதுதான் சேர். ரோசி தொடேல்லை. தெருவில கிடக்கிறதைத் திண்டு செத்துப்போகக் கூடாது எண்டுதான் முதல் பழக்கமே பழக்கிறனான். நான் அதின்ர நெற்றியைத் தொட்டாத்தான் வாய் வைக்கும். மற்ற ஆக்களைத் தொட விடாது. வெளியில நிண்டவன் மதிலுக்கு மேலால எப்பிடித் தொடுறது?"

"அப்ப ரெண்டாவதை எப்பிடித் திண்டது?"

"ஒரு சொல் இருக்கு. ரேசன்."

கதிர்காமு காகத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். ரோசியை எடுக்கவிருந்தவர் சிவலட்சுமி. முப்பது வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து திரும்பி, வங்காலைக்குப் போகும் வழியில் மகள் சோபனாவோடும் மருமகன் ஜெகதீபனோடும் இருக்கிறார். சீனி வருத்தத்தில் கண் போய்விட்டது. நாயின் நெற்றியைத் தடவித் தேட முடியாது. ஆகவே அவருக்கென்று ஒரு சொல் வேண்டியிருந்தது. "முகாமில் ரேசன் வந்தாச்சுன்னு கூவினாத்தான் எங்களுக்கே சாப்பாடு. இதுக்கும் அதையே வைப்பமா?" என்று சிரித்தபடி அவர்தான் தேர்ந்தெடுத்தார். மூன்று சனிக்கிழமை அங்கே வைத்துத்தான் பழக்கினாள். மன்னாரில் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"அந்த வீட்டில இருக்கிற மூண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் சோபனாவின் வயிறு அவளுக்கு நினைவு வந்தது. சோபனாவுக்கு இது எட்டாம் மாதம்.

கதிர்காமு வெளியே போய்க் கூட்டத்திடம் ஒரு வசனம் சொன்னார். "அவர் பொய் சொல்லேல்லை. வீட்டை போங்கோ." அபூசாலி படலையைப் பிடித்தபடி நின்றார்.

9.30.

ஜீப் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறு தெரிந்தது. கதிர்காமு ஜெனிற்றாவின் கொப்பியைப் புரட்டினார். நாயை எடுப்பவர்களிடம் கொடுப்பதற்காக ஒவ்வொரு நாயின் குணத்தையும் அவள் எழுதிவைக்கும் கொப்பி.

"கழுதை, பயம் இல்லை. வெடி, பயம் இல்லை. ரிவேர்ஸ் மெட்டு, நடுங்கி மூத்திரம் போகும்." அவர் விரலை அங்கேயே வைத்தார். "வாகனம் பின்னுக்கு எடுக்கேக்க வாற பாட்டோ?"

"ஓம் சேர். எல்லாப் பாட்டுக்கும் இல்லை. போனில பதினைஞ்சு மெட்டுப் போட்டுப் பாத்தனான். ஒண்டுக்கு மட்டும்தான். பிள்ளையளின்ர பொம்மைப் பெட்டியில வாற மாதிரி ஒண்டு."

சாரதியிடம் கதிர்காமு கையைக் காட்டினார். ஜீப் ஓரமாக நின்றது.

"இந்த இடத்திலதானே நாயை எடுத்தனீர்?"

"ஓம். அழகையா அண்ணை செத்துக் கிடந்த இடம். பக்கத்தில கால் முறிஞ்சு கிடந்தது."

அழகையா மீன் சந்தைக்குச் சைக்கிளில் போய்வந்த கூலியாள். விடியற்காலையில் ஏதோ வாகனம் அடித்துவிட்டுப் போனது. கண்டவர் இல்லை. அந்த வழக்குக் கோவை இன்னும் கதிர்காமுவின் மேசையில்தான் இருந்தது.

"சில்லு ரெண்டு தரம் ஏறியிருக்கு எண்டு பிரேதப் பரிசோதனையில சொன்னவை," என்றார் அவர் மெதுவாக. "ரெண்டு வாகனம் எண்டுதான் நான் எழுதினனான்."

ஜெனிற்றா போன சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். முந்தின இரண்டு சனியும் ஜெகதீபன் லொறியோடு வெளியே போயிருந்தான். இந்தச் சனி அவள் கிணற்றடியில் சோபனாவோடு நின்றாள். தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது ரோசி கட்டிலுக்குக் கீழே நனைந்து கிடந்தது. மாப்பிள்ளை வண்டி வந்ததும் ஓடிப்போய்ப் புகுந்துகொண்டது என்றார் சிவலட்சுமி. புது இடத்துப் பயம் என்று ஜெனிற்றா நினைத்தாள். "ரேசன்" என்று சொல்லித்தான் அந்த அம்மா அதை வெளியே எடுத்தார். ஜெகதீபன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதும் கேட்டவரோ?"

"எங்க எடுத்த நாய் எண்டு கேட்டவர். நான் சொன்னனான்." அவள் கொப்பியை அவரிடமிருந்து வாங்கி மூடினாள். "நான்தான் சேர் சொன்னனான்."

10.05.

வீட்டு முற்றத்தில் சின்ன லொறி நின்றது. வேம்பின் கீழ்க் கதிரையில் சிவலட்சுமி இருந்தார். செய்தியைக் கேட்டதும் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். சோபனா கதவைப் பிடித்தபடி நின்றாள். ஜெகதீபன் கதிர்காமுவுக்கு எதிரே வந்து நின்றான். முப்பது வயது. திடகாத்திரமான ஆள்.

"காலமை எங்க போனனீர்?"

"மடுவுக்கு. கல் ஏத்திக்கொண்டு."

"எத்தினை மணிக்கு?"

"நாலரைக்கு வெளிக்கிட்டனான். இப்பதான் வந்தனான்."

"ஆரும் கண்டவையோ?"

"எல்லாரும் நித்திரை. மாமி கேட்டிருப்பா."

சிவலட்சுமியின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "இல்ல மாப்பிள்ளை. கோயில்ல அஞ்சரைக்கு முதல் மணி அடிச்சப்புறம்தான் நீங்க எழுந்து குசினிப் பக்கம் போனீங்க. மீன் சட்டி மூடி விழுந்துச்சு. வண்டி எடுத்த சத்தமும் அதுக்கப்புறம்தான் கேட்டுச்சு."

"மாமிக்கு வயசு போய் மாறாட்டம் சேர்."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கல," என்றார் சிவலட்சுமி. "பாட்டு. முன்னெல்லாம் ரோட்டுக்குப் பின்னால எடுக்கும்போது பாடும். மூணு நாளா வண்டி பாடல."

கதிர்காமு லொறியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். இலக்கத் தகட்டுக்கு மேலே இரண்டு வயர்கள் தொங்கின. நுனியில் வயர் ஒட்டும் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. லொறி முழுவதும் செம்புழுதி. ரேப் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

"பாட்டுப் பெட்டி எங்க?"

"பழுதாப் போச்சுது. எறிஞ்சிட்டன்."

"எப்ப?"

"ரெண்டு மூண்டு மாசம் இருக்கும்."

"மாமி மூண்டு நாள் எண்டுறா. ரேப்பும் அப்பிடித்தான் சொல்லுது."

ஜெனிற்றா முன்னால் வந்தாள். சத்தமாகப் பேச வராதவள் அன்றைக்குப் பேசினாள்.

"சனிக்கிழமை நீங்கள் லொறியைப் பின்னுக்கு எடுக்கேக்க ரோசி ஓடினது மனுசருக்குப் பயந்து இல்லை, அந்த மெட்டுக்குப் பயந்து. எங்க எடுத்த நாய் எண்டு நான் சொன்ன உடனே உங்களுக்கு விளங்கிச்சுது. அண்டைக்கே பெட்டியைக் கழட்டினீங்கள். ஆனா நாய் புதன்கிழமை இந்த வீட்டுக்கு வந்திடும். என்ர கொப்பியில மெட்டைப் பற்றி எழுதியிருக்கிறதும் வந்திடும். இண்டைக்கு முதல் துண்டை எறிஞ்சுபோட்டு நிண்டு பாத்தீங்கள். அது தொடேல்லை. பிறகுதான் சொல்லைச் சொன்னீங்கள். அந்த அம்மா சாப்பாட்டுக்கு வைச்ச சொல்லை."

"விசர்க்கதை! ஒரு நாய்க்காக..."

"நாய்க்காக இல்லை," என்றார் கதிர்காமு. "அழகையாவுக்காக."

அப்போது சிவலட்சுமி எழுந்தார். கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தொட்டுத் தொட்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார். யாரும் தடுக்கவில்லை. கோழிக்கூட்டின் தகரத்துக்குக் கீழே கைவிட்டுத் துழாவினார். தினமும் முட்டை எடுக்கும் கை அது. சீலைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கிழமையே கையில பட்டுச்சு. என்னான்னு தெரியல," என்றார்.

"அம்மா!" என்று சோபனா கத்தினாள். "குடுக்காதீங்க!"

சிவலட்சுமியின் கை காற்றில் நின்றது. இரண்டு மூச்சு நேரம். பிறகு பெட்டியை நீட்டினார். கதிர்காமு வாங்கினார்.

வயர்களை லொறியின் பற்றறியில் தொட்டதும் மெட்டு எழுந்தது. பொம்மைப் பெட்டியின் மெட்டு. அந்த வெயிலில் அது முழுதாக ஓடி முடிந்தது.

"இதுதான் சேர்," என்றாள் ஜெனிற்றா.

ஜெகதீபன் லொறிச் சில்லருகே குந்திவிட்டான்.

"நித்திரை தூங்கிட்டன். அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. என்ன எண்டு பாக்கத்தான் பின்னுக்கு எடுத்தனான். நாய் குலைச்சுக்கொண்டு சில்லுக்குள்ள வந்தது."

"பாக்கிறதெண்டால் இறங்கியிருக்கலாம்," என்றார் கதிர்காமு.

அவன் தலை நிமிரவில்லை. "இருட்டுக்குள்ள ஆளுக்கு மேல ஏறினது தெரிஞ்சுது. பிறகு இறங்கப் பயமாக் கிடந்தது. நான் இறங்கேக்குள்ள ஆள் உயிரோட இருந்திருந்தால்?"

சோபனா வாசற்படியில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனிற்றா தண்ணீர் கொண்டுபோனாள். சோபனா கையைத் தட்டிவிட்டாள். செம்பு உருண்டது.

பிற்பகல் 1.20.

பொலிஸ் நிலையத்தில் சிவலட்சுமி வாக்குமூலத்தை வாசிக்கக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் திருத்தச் சொன்னார். "மாப்பிள்ளை கெட்டவர்னு நான் சொல்லல. மணி அடிச்சப்புறம் போனார்னுதான் சொன்னேன்." திருத்தினார்கள். பெருவிரலை வைத்தார்.

வெளியே வாகை நிழலில் சோபனா புருசனின் தாயோடு நின்றாள். சிவலட்சுமி வரும் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள். "இனி அந்த வீட்டுக்கு வராதீங்க," என்று மட்டும் சொன்னாள். முச்சக்கரவண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

சிவலட்சுமி அந்தச் சத்தம் தேயும்வரை அப்படியே நின்றார். முன்னால் மூன்று படி இருந்தது, அவருக்குத் தெரியாது. ஜெனிற்றா போய்க் கையைப் பிடித்தாள்.

"என்ர வீட்டை வாங்கோம்மா. கொஞ்ச நாளைக்கு இருங்கோ."

"வர்றேம்மா." அவர் காலால் படியைத் தேடினார். "அதுக்கு முன்னால, அந்தச் சைக்கிள்காரருக்கு வீட்டுக்காரி இருக்காங்களா?"

"இருக்கிறா. மரியம்மா எண்டு பேர். பெரிய கடைக்குப் பின்னால."

"பொலிஸ் போய்ச் சொல்றதுக்கு முன்னால நான் போய்ச் சொல்லணும். என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

ஜெனிற்றா அவருடைய கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கி வெயிலில் நடந்தார்கள்.