பட்டினி வண்டுகள்

முத்துசெல்வி டப்பாவைத் திருப்பி வைத்தாள். சற்று நேரத்தில் வண்டுகள் எல்லாம் மறுபடி அதே பக்கம் ஏறி மொய்த்தன. சன்னல் அந்தப் பக்கம் இல்லை. கட்டில்தான் இருந்தது. கட்டிலில் அவள் புருஷன் மாடக்கண்ணு படுத்திருந்தான்.

மலையடிவாரக் காட்டில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை அழிப்பதற்காக விடவேண்டிய வண்டுகள் அவை. மழையில் கரிசல் பாதை சேறாகி, அவற்றை ஏற்றிப்போகக் கோவில்பட்டியிலிருந்து வரவேண்டிய ஆபீசரின் ஜீப் மூன்று நாளாக வரவில்லை. அதுவரை அந்தச் செடியைப் பறித்துப் போட்டு வீட்டில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அலுத்துப்போயிற்று. பத்து வருஷமாக இருவரும் கூலிக்கு, வெறுங்கையால், அதைத்தானே பிடுங்குகிறார்கள். உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயந்தால் முடியுமா? அவனுக்கு உடம்பெல்லாம் தோல் தடித்து அரிப்பு, நெஞ்சில் இழுப்பு. அவளுக்கு மணிக்கட்டில் மட்டும் ஒரு தடிப்பு. இந்த மழையில் பார்த்தீனியம் பறிக்க யார் ஓடைக்கு இறங்குவது என்று, வீட்டுக்குப் பின்னால் நின்ற உளுந்தைக் கிள்ளிப் போட்டிருந்தாள். ஒரு இலைகூடக் கடிபடவில்லை. பட்டினி கிடந்து செத்தாலும் இந்த வண்டு பார்த்தீனியத்தைத் தவிர வேறெதையும் தொடாது என்று ஆபீசர் சொன்னது சரிதான்.

சாயங்காலம் கரண்ட் போனது. தகரக் கூரையில் தூறல், ஈர மண் வாடை, வீட்டுக்குள் ஒரு தழைகூட இல்லாதபோதும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த பார்த்தீனியத்தின் கசப்பு வாடை, நடுவே ரம்பம் இழுக்கிற மாதிரி அவன் மூச்சு. கதவோரம் சாய்ந்து அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்தாள். அந்த மூச்சு நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர, சாமியிடம் கேட்க அவளுக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

விழித்தபோது இழுப்புச் சத்தம் இல்லை. பதறி எழுந்தாள். டப்பா காலில் இடறியது. மேலே கட்டியிருந்த வலைத்துணி விலகிக் கிடந்தது. உள்ளே உளுந்து இலை மட்டும்.

"ஏங்க."

"என்னட்டி?" குரல் தெளிவாக வந்தது.

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினாள். அவன் நெஞ்சு முழுக்க வண்டுகள். தட்டிவிடக் கையை ஓங்கினாள்.

"வேண்டாம்ட்டி, விடு. அரிப்பே இல்ல. எத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் சுகமா இருக்கு."

குனிந்து பார்த்தாள். ரத்தம் இல்லை. பூச்சி தின்ற இலைபோல ஓட்டை ஓட்டையாகத் தோல். நரம்பு மட்டும் மிச்சம். உள்ளே பச்சை. வெளிர்ப் பச்சை. மூச்சுக்கு மூச்சு அசைந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு வண்டு அவன் தோளிலிருந்து இறங்கியது. கட்டில் சட்டம். அவள் விரல். மெல்ல ஏறி, மணிக்கட்டுத் தடிப்பில் நின்றது. கொறிக்கத் தொடங்கியது.

வலிக்கவில்லை. சுகமாக இருந்தது.