வாய் வைக்காத கிண்ணம்

லண்டன் பெர்மண்ட்சியில், ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் குலசேகரம் வாடகைக்கு எடுத்திருந்த நிலவறைக்கு, டிசம்பர் மாதப் பின்னேரம் ஒன்றில் இத்தாலியிலிருந்து வைன் பெட்டிகள் வந்து இறங்கின. வருடம் 1992. நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. மேலே ரயில் போகும்போதெல்லாம் செங்கல் சுவர் அதிர்ந்தது, அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

லண்டனில் குலசேகரத்தின் சொத்து என்று சொன்னால் அவருடைய நாக்கு ஒன்றுதான். சொந்த ஊரான மானிப்பாயிலிருந்து வந்து ஒரு வைன் பாரில் கிளாஸ் கழுவத் தொடங்கியவர், போத்தலின் அடியில் மிஞ்சியதை ருசித்து ருசித்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். இப்போது பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று தோட்டம் தோட்டமாகப் போய் ருசி பார்த்து வாங்கி, லண்டன் ஹோட்டல்களுக்கு விற்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மலைச்சரிவுத் திராட்சை என்று சொல்வார். அந்தத் தலைக்கனமும் மனிதருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மத்தியானம் பெரிய ஹோட்டல்காரர்கள் இந்த வைனை ருசி பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் குலசேகரம் ஒரு மிடறு பருகி அதன் குணத்தை விளக்க வேண்டும். நாக்குத் தடுமாறினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கடையில் கூட வேலை செய்யும் ஞானரட்ணம் ஒரு கிளாஸை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணை, இதில ஆரோ வாய் வைச்சிருக்கினம்."

விளிம்பில் ஈரமாக ஓர் உதட்டுத் தடம். சின்ன உதடு, பெண்ணுடையது.

"நீ வடிவாக் கழுவேல்லை."

கழுவினான். துடைத்தான். அடுத்த கிளாஸை எடுத்தான்.

அதிலும் இருந்தது.

எல்லாவற்றிலும் இருந்தது.

நனைந்த மண்ணும் அழுகிய பூவும் கலந்த வாடை நிலவறையில் மெதுவாக ஏறியது. குலசேகரம் எரிச்சலோடு ஒரு கிளாஸைத் தானே துடைத்து, புதுப் போத்தலைத் திறந்து ஊற்றி, விளிம்பில் உதடு படாமல் ஒரு வாய் விட்டுக்கொண்டார்.

ஒன்றுமில்லை.

புளிப்பில்லை, துவர்ப்பில்லை. வாயில் ஏதோ ஈரம் இருந்தது, அவ்வளவுதான். ஞானரட்ணத்தின் சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்கி மாங்காய் ஊறுகாயை அள்ளி வாய்க்குள் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கு மட்டும் மரக்கட்டையாகக் கிடந்தது.

"வைன் எப்பிடி அண்ணை?"

"திறம்," என்றார். சொல்லும்போதே பியெட்ரோவின் முகம் நினைவுக்கு வந்தது.

பியெட்ரோ இந்த வைனைச் செய்தவன். அவனுடைய மனைவி லூசியா தன் கையால் பறித்த கடைசி அறுவடை இது. அந்தக் குளிர்காலத்திலேயே அவள் செத்துப்போனாள். அதற்குப்பின் அவன் இதை யாருக்கும் விற்கவில்லை. போன மாதம் குலசேகரம் போய்க் கெஞ்சியபோது, லூசியாவின் வெள்ளிக் கிண்ணத்தில் வைனை ஊற்றி அவளுடைய வெறும் நாற்காலிக்கு முன்னால் சற்று நேரம் வைத்தான். பிறகு தான் ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினான். அந்த வீட்டு வழக்கம் அது. மூன்று பேரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தால்தான் இறந்தவளுக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

செத்தவளின் கிண்ணம். போதாததற்கு இன்னொருத்தனின் எச்சில். மானிப்பாயில் பிறந்த கை தன்பாட்டில் கிண்ணத்தை உயர்த்தியது. அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குலசேகரம் வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். ருசி பார்த்தார். தொழில் பழக்கத்தில் பக்கத்து வாளியில் துப்பினார்.

மிகவும் நாகரிகமாக நடந்துகொண்டதாகவே அவருக்கு நினைப்பு. பியெட்ரோவின் முகம் வெளிறியதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

இப்போது அவனுக்கு டெலிபோன் எடுத்தார். உடைந்த ஆங்கிலத்தில் பியெட்ரோ கேட்ட முதல் கேள்வி: "வந்துவிட்டாளா?"

"நான் இப்போது வாய் வைத்துக் குடிக்கிறேன். என்னை விடச் சொல்."

"குடி. ஆனால் வாய் வைப்பவனின் ருசி இனி அவளுக்குத்தான். திரும்பி வராது." பிறகு பியெட்ரோ சிரித்தான். "நாக்கு வேண்டுமென்றால் உனக்குப் பதிலாக உன் வீட்டில் யாரையாவது வாய் வைக்கச் சொல். அவளுக்கு ஒருவர் போதும், யாரென்ற பேதமில்லை."

குலசேகரம் நெடுநேரம் யோசித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசிக்கவில்லை. ஒரு போத்தலை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஹரோவிலிருந்த வீட்டுக்கு ரயில் ஏறினார்.

அவருடைய மனைவி சிவகௌரி அடுப்படியில் நின்றாள். அவளுக்கும் நாக்குத்தான் பிழைப்பு. ஹரோவில் கலியாணம், பிறந்தநாள் என்றால் பலகாரம் அவள் கையால்தான். இரண்டு நாளாக இருமல்.

"இஞ்சரும், இருமலுக்கு மருந்து. குடியும்."

"என்னப்பா, சாராயம் மாதிரி மணக்குது?"

"ஒரு மிடறுதான்."

அவள் வழக்கம்போல டம்ளரை உயர்த்தி அண்ணாந்தாள்.

"வாய் வைச்சுக் குடியும்."

"ஏன்?"

"சிந்திப்போடும்."

அவர் சொல்லை அவள் தட்டியதில்லை. வாய் வைத்தாள். டம்ளரின் எதிர் விளிம்பில், அவளுக்கு நேர் எதிரே, பனி பூத்ததுபோல் ஒரு தடம் படிந்தது. சிவகௌரியின் உடம்பு ஒருதரம் உதறி அடங்கியது.

"வெறும் தண்ணியாக் கிடக்கு," என்றாள்.

அதே நொடியில் கத்தரிக்காய்க் குழம்பின் வெந்தயமும் புளியும் குலசேகரத்தின் வாயில் வந்து நிறைந்தன. வெட்கமில்லாத மனிதர், சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

மறுநாள் கிளாஸ்கள் பளிச்சென்று இருந்தன. அவர் பேசப்பேச ஹோட்டல்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள், பெட்டிகளையெல்லாம் வாங்கினார்கள். கேக் ஒன்றோடு வீட்டுக்கு வந்தபோது சிவகௌரி சீனி டப்பாவுக்கு முன்னால் இருந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்டும் இனிக்குதில்லையப்பா. உறைக்குதுமில்லை. எல்லாம் மண் மாதிரிக் கிடக்கு."

"தடிமனாலதான். மாறும்."

தைப்பொங்கலுக்குள் அவளுக்கு வந்த பலகார ஓடர்கள் நின்றுபோயின. பிறகு அவள் சாப்பாட்டையும் விட்டாள். நூலாக இளைத்தாள். டொக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குலசேகரம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தன் நாக்கு போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவகௌரி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப்பின் சமைத்திருந்தாள். மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டிருந்தது.

"ஆர் வருகினம்?"

"வந்திட்டா."

எதிர் நாற்காலி பின்னுக்கு இழுபட்டிருந்தது. நனைந்த மண் வாடை மூக்கில் அடித்தது.

"நீங்கள் வாளியில துப்பினதை அவ சொன்னவ," என்றாள் சிவகௌரி மெதுவாக. "எனக்கு என்ன தந்தனீங்கள் எண்டதையும் சொன்னவ."

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் வீட்டில் சொன்னதில்லை. எழும்ப நினைத்தார். கால் அசையவில்லை.

"ஆ எண்டுங்கோ."

வாய் தானாகத் திறந்தது. குழைத்து உருட்டிய சோறு உதட்டுக்கு வந்தது. கூடவே வந்த விரல்கள் ஐஸாகக் குளிர்ந்தன. சோற்றை வைத்துவிட்டு அவை வெளியே வரவில்லை. பல்லைத் தாண்டி, நாக்கைத் தடவி, அதன் அடியைப் பற்றிக்கொண்டன.

குலசேகரம் கண்ணை உருட்டி மேசையைப் பார்த்தார்.

சிவகௌரியின் இரண்டு கைகளும் அவளுடைய மடியில் இருந்தன.

"அசையாதேங்கோ," என்றாள் அவள். "அவ சாப்பிட்டு முடியட்டும்."